டோர்வலினா வெட்டிய மீசை

டோர்வலினா பிறந்தது ஒரு தேதி. அரசாங்கக் காகிதத்தில் அவள் பிறந்தது வேறொரு தேதி. இரண்டுக்கும் நடுவில் பதினாலு மாதம். காரணம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும்.

அப்போது பெட்ரா மான்சா தனி ஊர் இல்லை. நோவா கராவெலாவின் வால். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதை எழுதவேண்டுமென்றாலும் நாற்பத்தாறு கிலோமீட்டர் மலையேறி இறங்கி அங்கேதான் போகவேண்டும். அவளுடைய அப்பா பெலார்மீனோ, தபோக்கா என்ற எங்கள் மலைக்குடியிருப்பிலிருந்து இரண்டு நாள் நடந்து போனார். குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தான். மறுநாள் அவர்கள் ஊர்த் திருவிழா. காப்பி அறுவடை காத்திருக்கிறதே என்று மனிதர் திரும்பிவிட்டார். மறுபடி போக நேரம் கிடைத்தது பதினாலு மாதம் கழித்து. தாமதத்துக்கு அபராதம் என்றார்களாம். இவர் சளைக்கவில்லை. "பிள்ளை போன வாரம்தான் பொறந்துச்சு" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் போன வாரத்துப் பிள்ளை வீட்டில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பெட்ரா மான்சா பிரிந்தது. ஓட்டுப் போட்டுப் பிரிந்தோம். வெடி வெடித்த வெடியில் பாதிரியாரின் கோவேறு கழுதை கட்டறுத்து ஓடி மூன்றாம் நாள்தான் கிடைத்தது. நகராட்சி என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, எங்களிடம் ஒரு சிக்னல் விளக்குகூடக் கிடையாது. மூவாயிரம் பேர், அதைப்போல மூன்று மடங்கு மாடு. ஆனால் அது எங்கள் நகராட்சி. பிள்ளை பிறந்தால் காலையில் போய் ராத்திரிச் சோற்றுக்கு வந்துவிடலாம்.

பிரித்த சட்டத்தில் எல்லை பற்றி ஒரே வரி. மழைத்தண்ணீர் ஆன்டாஸ் ஆற்றுக்குச் சாயும் நிலமெல்லாம் பெட்ரா மான்சா, கராவெலா ஆற்றுக்குச் சாயும் நிலமெல்லாம் நோவா கராவெலா. இந்த மலையில் எப்போதும் அப்படித்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும், "மழை வரட்டும், தண்ணி சொல்லும்" என்பார்கள். மழை வந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்பார்கள். தண்ணீர் சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு கிடையாது.

என் பெயர் ஜெனிவால்டோ. நகராட்சியின் கிரேடர் வண்டியை முப்பத்தோரு வருடம் ஓட்டினேன். இங்கே இருக்கிற மண்சாலை ஒவ்வொன்றும் நான் சமன்செய்தது. ஆனால் சாலையைப் போடுவது வேறு, காப்பாற்றுவது வேறு. ஒரு மழைக்காலம் போதும், செம்மண் சாலை வாய்க்காலாகிவிடும். காப்பாற்றுகிறவர்கள் மண்வெட்டிக்காரர்கள். அவர்களில் ஒருத்தி டோர்வலினா.

அந்த வேலை முதலில் அவள் புருஷன் அனீசியோவுடையது. ஒரு நாள் கரும்பு வெட்டப் போகிறேன் என்று சாவோ பாவ்லோ பக்கம் போனான். போனவன் போனவன்தான். இவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவனுடைய மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேயர் வாசலில் நின்றாள். அப்போதைய மேயர் சிரித்தார். நானும் சிரித்தேன், மறைப்பானேன். மூன்று கிலோமீட்டர் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அந்த வருட மழையில் எல்லார் சாலையும் அடித்துக்கொண்டு போனது. அவளுடைய மூன்று கிலோமீட்டரில் பால் வண்டி கியர் மாற்றாமல் போனது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ரகசியம் மீசையில் இருந்தது. சாலை ஓரத்தில் சாய்வாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, ஓடிவரும் மழைநீரைக் காட்டுக்குள் திருப்பிவிடுவோம். சாலையின் இரண்டு பக்கமும் அப்படி இழுத்திருக்கும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மீசை. எந்த இடத்தில், எவ்வளவு சாய்வில் மீசை வெட்டவேண்டும் என்பது ஒரு கணக்கு. டோர்வலினா மட்டம் பார்க்கும் கருவி எதையும் தொட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு சாலை நடுவே நின்று தண்ணீரைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

இப்போது எண்பத்தொன்பதாம் வருட விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லியாகவேண்டும். தபோக்கா ஒரு தட்டையான மேட்டு நிலம். எந்தப் பக்கம் சாய்வு என்று கண்ணுக்குத் தெரியாது. மழைநீர் முழுவதும் சாலைக்கடியில் இருந்த பழைய கல்மதகு வழியாகப் புகுந்து, கோவில் வாசலில் வழிந்து, ஆன்டாஸுக்கு இறங்கும். ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழா. ஜனவரியில்தான் மழையும். அவருடைய சிலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடப்பார்கள். அந்த வருடம், திருவிழா வேலையெல்லாம் பார்க்கும் நொயெமியா தலைமையில் பெண்கள் டோர்வலினாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"செபஸ்தியார் உடம்புல அம்பு இருக்கறது போதாதா அக்கா, சேறும் வேணுமா?" என்றாள் நொயெமியா. "ஒரே ஒரு மீசை வெட்டி அந்தப் பக்கம் திருப்பி விடுங்க. திருநாள் முடிஞ்சதும் மூடிடலாம்."

அவளும் வெட்டினாள். முகட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, அதன் வழியாகத் தண்ணீர் நோவா கராவெலா பக்கம் இறங்கியது. திருவிழா காய்ந்த தரையில் நடந்தது. பிறகு மூடினாளா? இல்லை. அடுத்த வாரம் நான் கிரேடரில் போனபோது, தண்ணீர் வராத மதகு எதற்கு என்று மண்ணைத் தள்ளி அதன் வாயை மூடிவிட்டேன். ஊர்த் தண்ணீரை வெளியூருக்குத் திருப்பிய ஒருவனை மேயர் அந்த மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம், கேட்ட பெண்களும்தான். இருபத்திரண்டு மழைக்காலம் போனது. அந்த மீசை வளர்ந்து, முகட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரப் பள்ளமாகிவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆகஸ்ட். தபோக்காவின் கருங்கல் மலையை யாரோ ஒரு கம்பெனிக்காரன் பார்த்துவிட்டுப் போன செய்தி பரவியது. உடனே நோவா கராவெலாவுக்குத் தபோக்கா மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஐம்பது வருடத்தில் ஒரு கூடை மண் கொட்டாதவர்கள். அவர்களுடைய மேயர் ஹெர்மினியோ, வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி மனுப் போட்டார். தபோக்காவின் தண்ணீர் எங்கள் பக்கம் ஓடை வெட்டி ஓடுகிறது, சட்டப்படி அது எங்கள் நிலம் என்று. எல்லையை முடிவு செய்ய மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். பெயர் லியாந்த்ரா, முப்பது வயதிருக்கும். பெரிய படிப்புப் படித்த யாரும் எங்களுக்கு டாக்டர்தான், அந்த வழக்கப்படி டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம்.

தபோக்கா பள்ளிக்கூடத்தில் கூட்டம். இருநூறு பேர், ஒருவர் பாக்கியில்லை. டாக்டரம்மா படத்தைச் சுவரில் மாட்டினார். நேர்மையான பெண், குரலை உயர்த்தவில்லை.

"இந்த ஓடை முகட்டைத் தாண்டி கராவெலா ஆத்துக்குத்தான் போகுது. நான் நேர்லயும் நடந்து பாத்துட்டேன். தண்ணீர் அந்தப் பக்கம் போனா, சட்டம் சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

தபோக்கா போனால் இந்தப் பள்ளிக்கூடம் போகும், நர்ஸ் போவாள், காய்ச்சல் வந்தால் நாற்பத்தாறு கிலோமீட்டர். எங்கள் மேயர் ஒடிலோன் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். ஹெர்மினியோ கால்மேல் கால் போட்டு, நொயெமியா வைத்திருந்த சீஸ் ரொட்டியை நாலாவதாக எடுத்தார்.

டோர்வலினா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். வேலை உடுப்பு, ரப்பர் பூட்ஸ்.

"அது ஓடை இல்ல டாக்டரம்மா. அது என்னோட மீசை."

டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார். ஹெர்மினியோவின் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு அந்தச் சொல் தெரியும்.

"மீசைன்னா?" என்றார் டாக்டரம்மா.

"நான் மண்வெட்டியால வெட்டினது. எண்பத்தொம்பது ஜனவரியில. தண்ணி அதுக்கு முன்னாடி நம்ம பக்கம்தான் போச்சு. திருப்பினவ நான்தான்."

"இருபத்திரண்டு வருஷமா ஏன் சொல்லல?" ஒடிலோன் கேட்டார். அந்தக் குரல் எனக்கே சுருக்கென்றது.

"வேலை போயிடும்னு பயந்தேன். இப்ப போனா போகட்டும். ஊர் போகக் கூடாது."

ஹெர்மினியோ ரொட்டியை மென்றபடியே சொன்னார். "நல்லா இருக்கு கதை. இவங்க ஆளே இவங்க தண்ணியத் திருடி எங்களுக்குக் குடுத்துச்சாம். யாராவது சாட்சி உண்டாம்மா? இல்ல, மீசைதான் சாட்சியா?"

முன்வரிசையில் இரண்டு பேர் டோர்வலினாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் தாங்கவில்லை. எனக்குத் தைரியம் அதிகம் கிடையாது. கிரேடர் மேல் உட்கார்ந்தால்தான் வரும். ஆனால் கால் தானாக எழுந்துவிட்டது.

"சாட்சி நான். மதகை மண்ணு தள்ளி மூடினதே நான்தான்."

"கேட்டதும் நாங்கதான்" என்று நொயெமியாவும் எழுந்தாள். "செபஸ்தியாருக்காக."

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "மனுஷங்க வெட்டின வாய்க்கால் எல்லையை மாத்தாது. அறுபத்து மூணுல தண்ணீர் எப்படிப் போச்சோ, அதுதான் கணக்கு. ஆனா வாய்ப்பேச்சை நான் எழுத முடியாது. அந்த மதகைக் காட்டுங்க. தண்ணீர் அதுல போறதையும் காட்டுங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

ஆகஸ்டில் தண்ணீர். நாலு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. மாடுகள் குட்டையில் சேற்றை நக்கிக்கொண்டிருந்தன.

டோர்வலினா சாலைக்கு நடந்தாள், கூட்டம் பின்னால். மண்வெட்டிக் காம்பைத் தலைகீழாகப் பிடித்துத் தரையைத் தட்டிக்கொண்டே போனாள். டப், டப், டப் என்று கெட்டிச் சத்தம். நான் இங்கே என்றேன், அங்கே என்றேன். "யோவ் ஜெனி, நீ மூடினது போதும், இப்ப வாயையும் மூடு" என்றாள். பத்தடி தள்ளி ஒரு இடத்தில் தொம் என்றது. மறுபடி தட்டினாள். தொம்.

அறுபது வயது அவளுக்கு. காகிதத்தில் ஐம்பத்தொன்பது. அரை மணி நேரத்தில் தோண்டி முடித்தாள், யாரையும் கிட்டே விடவில்லை. கல்மதகின் வாய் தெரிந்தது. டாக்டரம்மா மண்டியிட்டு உள்ளே கைவிட்டு அடிக்கல்லைத் தடவினார். ஆற்றுக்கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது.

"நிறைய வருஷம் தண்ணீர் போயிருக்கு" என்றார். "ஆனா இந்த மேட்டுத் தண்ணீர் இதுக்குள்ளதான் வரும்னு நான் கண்ணால பாக்கணும்."

இதற்குள் டோர்வலினா மீசையின் வாயை அடைக்க ஆரம்பித்திருந்தாள். தோண்டிய மண்ணை அங்கே போட்டு, பூட்ஸ் காலால் மிதித்துக் கெட்டியாக்கினாள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"வீட்ல இருக்கற பால் கேனெல்லாம் கொண்டாங்க. தண்ணி நிரப்பி."

ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? கிணற்றில் மிச்சம் இருந்தது குடிக்க. அதைப் போய் ரோட்டில் கொட்டுவதா? முதலில் போனவள் நொயெமியாதான். மருமகளோடு சேர்ந்து ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது செபஸ்தியார் கணக்கு" என்று வைத்தாள். அதற்கப்புறம் மாட்டுவண்டி, டிராக்டர், பால் லாரி, கைவண்டி எல்லாம் கிளம்பியது. ஒடிலோன் மேயர் என்பதையும் மறந்து தோளில் கேன் தூக்கினார். மூன்று மணிக்குள் மேட்டில் நாற்பது கேன் வரிசையாக நின்றது, ஒவ்வொன்றிலும் ஐம்பது லிட்டர்.

முதல் கேனைக் கவிழ்த்தார்கள். மண் குடித்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. ஒரு கறுப்பு ஈரம் பரவியது, அவ்வளவுதான். இருபதாவது கேனுக்கும் அதே கதை. தூசி வாயைத் திறந்துகொண்டு குடித்தது.

"நாங்க வேணா கொஞ்சம் தண்ணி அனுப்பட்டுமா?" என்றார் ஹெர்மினியோ.

எனக்கு அந்த ஆளைக் கிரேடரால் சமன்செய்யவேண்டும் போல இருந்தது. டோர்வலினாவைப் பார்த்தேன். அவள் ஈரத்தின் ஓரத்தில் குந்தியிருந்தாள்.

"மண்ணு மொதல்ல குடிக்கும்" என்றாள். "குடிச்சு முடிச்சாத்தான் நடக்க விடும். நிறுத்தாதீங்க. ஒண்ணொண்ணா ஊத்தாதீங்க, மொத்தமா சாய்ங்க."

மிச்சம் இருந்த இருபது கேனையும் ஆள் நின்று ஒரே நேரத்தில் பிடித்தார்கள். அதில் ஒன்று என் கையில். அவள் கையைக் கீழே இறக்கினாள். சாய்த்தோம்.

ஆயிரம் லிட்டர் ஒன்றாக விழுந்தது. சிவப்புத் தண்ணீர் எழுந்தது, நுரைத்தது, நின்றது. பிறகு மெல்ல மீசைப் பக்கம் போனது. ஹெர்மினியோ சிரித்துக்கொண்டே முன்னால் வந்துவிட்டார். தண்ணீர் அவள் மிதித்த மண்ணை முட்டியது. அங்கேயே வட்டமடித்தது. டோர்வலினா நகரவில்லை, மண்வெட்டியைத் தொடக்கூட இல்லை. அப்புறம் தண்ணீருக்கே ஞாபகம் வந்துவிட்டது. வலப்பக்கம் ஒரு நாக்கு நீண்டது. விரல் அகலம், கை அகலம், பிறகு முழுத்தண்ணீரும் அதன் பின்னால் திரும்பி, சாலையோரமாக வேகம் பிடித்து, மதகின் வாய்க்குள் கொளகொளவென்று இறங்கியது.

ஊரே சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது. மதகின் மறுவாயிலிருந்து முதலில் பழைய சருகு வந்தது, பிறகு ஒரு தவளை, பிறகு தண்ணீர். கோவில் வாசலை நனைத்துக்கொண்டு ஆன்டாஸ் பக்கம் இறங்கியது. டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் கூடவே ஓடினார், வேலி வரைக்கும். திரும்பி வந்தபோது கணுக்கால் வரை சேறு.

"நம்ம பக்கம்தான் சாயுது" என்றார். அவரும் 'நம்ம' என்றதை நான் கவனித்தேன். பிறகு அவரே திருத்திக்கொண்டு, "பெட்ரா மான்சா பக்கம்" என்றார்.

கோவில் மணியை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. நொயெமியா டோர்வலினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுச் சேற்றில் ஆடினோம், பைத்தியக்காரர்கள். நானும் அழுதேன். எனக்கு வெட்கம் இல்லை. ஹெர்மினியோ கார்க் கதவைத் திறந்தபடி, "இந்தக் காட்டை வெச்சிக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம், சும்மா சட்டத்தைத் தெளிவுபடுத்தத்தான் கேட்டோம்" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அது இவர்தான்.

டோர்வலினாவை வேலையை விட்டு அனுப்பவேண்டும் என்று யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் மறுநாள் மேயரின் வண்டி போக ஒரு சாலை இருந்திருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

டிசம்பரில் எல்லைச் சட்டம் திருத்தி வந்தது. நகராட்சி மன்றத்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவும் வந்திருந்தார். மன்றச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறை, அந்தப் பாறையிலிருந்து இந்த வேலி என்று இழுத்து இழுத்து வாசித்தார். எனக்குத் தூக்கம் வந்தது. "அங்கிருந்து மலைமுகட்டின் வழியாக டோர்வலினா மதகு வரையிலும்" என்றார். தூக்கம் போய்விட்டது.

அவள் எழுந்தாள். "ஐயா, அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்க."

படித்தார்.

"உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"நான் பேர் வைக்கலம்மா" என்றார் டாக்டரம்மா. "அந்த இடத்தை என்னன்னு கூப்பிடுறீங்கன்னு தபோக்காவுல வீடு வீடா கேட்டேன். எல்லாரும் ஒரே பேரைச் சொன்னாங்க. அதை எழுதினேன்."

டோர்வலினா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப இனிமே எவனும் அதை அடைக்க முடியாதா? நான் போனதுக்கு அப்புறமும்?"

"முடியாது. அது எல்லைக்கல் மாதிரி."

"அது போதும்" என்றாள்.

மன்றம் முழுவதும் எழுந்து கைதட்டியது. அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். நல்ல சட்டையோடு என் வண்டியில் ஏறிக்கொண்டாள், இருபது கிலோமீட்டரும் சாலையோர மீசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதகு வாய் நிறைய ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கமாக.